தாழ்ந்த நிலமும் மீண்ட நீரும்: சாண்டா கிளாரா பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் வரலாறு

கணினித் தொழிலின் தலைமையிடமாக இன்று உலகம் அறிந்திருக்கும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழத்தோட்டங்களின் நாடாக இருந்தது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் தரையே தாழ்ந்துபோகும் என்பது அமெரிக்காவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதும், அத்தாழ்வை நிறுத்துவதற்கான பொது முயற்சி திட்டமிட்டு மேற்கொள்ளப்பட்டதும் இங்கேதான். சன்னிவேல், குப்பர்டினோ, சான் ஹோசே ஆகிய ஊர்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பகுதி, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் தோட்ட விவசாயிகள் தொடங்கிவைத்த அந்த ஏற்பாட்டின் பயனாகும். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப வேளாண் சமூகங்கள் தம்மை எவ்வாறு தகவமைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு, பருவநிலை மாற்றம் என்ற சொல் வழக்குக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே விடை தேட முற்பட்ட இடம் என்ற வகையில், இப்பள்ளத்தாக்கின் வரலாறு கவனத்துக்குரியது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனையிலிருந்து தெற்கு நோக்கி நீளும் இப்பள்ளத்தாக்கின் மேற்கே சாண்டா குரூஸ் மலைகளும் கிழக்கே டயப்லோ மலைத்தொடரும் நிற்கின்றன. பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் ஆண்டுக்கு 15 அங்குலத்தை ஒட்டியே மழை பெய்கிறது. இது தமிழ்நாட்டின் சராசரி மழையில் பாதிக்கும் குறைவு. அந்த மழையும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிட, பயிருக்கு நீர் மிகுதியும் தேவைப்படும் கோடையில் வானம் வறண்டிருக்கும். ஒலோனி பழங்குடியினர் வாழ்ந்துவந்த இந்நிலத்தில் 1777-இல் ஸ்பானியர் சாண்டா கிளாரா மிஷன் என்னும் சமயக் குடியிருப்பையும், சான் ஹோசே என்னும் ஊரையும் நிறுவினர். குவாடலூப்பே ஆற்றிலிருந்து மண் வாய்க்கால் வெட்டி வயல்களுக்குப் பாய்ச்சினர். ஆறுகள் கோடையில் வற்றிவிடுவதால் அந்தப் பாசனம் ஓரளவுக்கு மேல் பயன்படவில்லை.

நிலைமையை மாற்றியது 1854-இல் சான் ஹோசேயில் தோண்டப்பட்ட முதல் ஆர்ட்டீசியன் கிணறு. ஆர்ட்டீசியன் கிணறு என்பது, களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நீர், துளையிட்டவுடன் இறைக்காமலே தரைக்கு மேல் பொங்கி வரும் கிணறு. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் அடியிலுள்ள நீரும் இவ்வகைப்பட்டதே. மலையடிவாரத்தில் ஓடைகள் கொண்டுவந்து குவித்த சரளைப் பரப்பின் வழியாக மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பள்ளத்தாக்கின் நடுவில் களிமண் மூடிய நீர்த்தாங்கிகளில், அதாவது நீரைத் தேக்கிவைத்து விட்டுக்கொடுக்கும் மணல், சரளை அடுக்குகளில், நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்திருந்தது. துளையிட்ட இடத்திலெல்லாம் நீர் பொங்கியதால் அது வற்றாது என்ற நம்பிக்கை வேரூன்றியது. பல கிணறுகள் மூடப்படாமல் இரவும் பகலும் வீணே ஓடின.

1850-களில் கோதுமை விளைந்த நிலங்கள், அடுத்த சில பத்தாண்டுகளில் பழத்தோட்டங்களாக மாறின. பிரான்சிலிருந்து குடியேறிய பெல்லியே சகோதரர்கள் 1856-இல் கொண்டுவந்த ஆழான் வகைப் பிளம் ஒட்டுக்குச்சிகள் இம்மாற்றத்துக்கு வித்திட்டன. உலர்த்திய பிளம் பழத்துக்கும் ஆப்ரிகாட்டுக்கும் இப்பள்ளத்தாக்கு உலகச் சந்தையில் பெயர் பெற்றது. வசந்தத்தில் தோட்டங்கள் ஒருசேரப் பூக்கும் காட்சியைக் கருதி இதற்கு 'மனமகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு' என்ற பொருளில் விளம்பரப் பெயரும் சூட்டப்பட்டது. அறுவடைக் காலத்தில் பெண்களும் சிறுவர்களும் கொட்டகைகளில் வரிசையாக நின்று ஆப்ரிகாட்டை இரண்டாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, மரத் தட்டுகளில் அடுக்குவார்கள். நிறம் மங்காமலிருக்கக் கந்தகப் புகையூட்டிய பின் தட்டுகள் வெயிலில் பரப்பப்படும். கோடையில் மழை இல்லாமை பழத்தை உலர்த்துவோருக்கு வரமாகவும், மரத்தைக் காப்பாற்றுவோருக்குச் சுமையாகவும் இருந்தது.

தொடக்கத்தில் தோட்டங்கள் பெரும்பாலும் மானாவாரியாகவே நின்றன. சில இடங்களில் குளிர்கால ஓடை வெள்ளத்தைத் தோட்டத்துக்குள் திருப்பி மண்ணை ஊறவைத்தார்கள். பாசனம் செய்த மரத்தில் காய் பருத்து விலையும் கூடியதைக் கண்டபின், பம்பு வைப்பது வழக்கமாயிற்று. மையவிலக்கு பம்பால் ஏறத்தாழ 25 அடிக்கு மேல் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், நீர்மட்டம் இறங்க இறங்கக் குழி வெட்டிப் பம்பையும் கீழே இறக்கினார்கள். கொங்கு நாட்டில் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கிய விவசாயிகளுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. ஆழத்திலிருந்தே நீரைத் தள்ளும் டர்பைன் பம்பு பரவியதும் அந்தத் தடையும் நீங்கியது. 1920-ஆம் ஆண்டளவில் பள்ளத்தாக்கின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கும், பழத்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கும் பாசனம் பெற்றன. ஆண்டுக்கு 1,700 என்ற வேகத்தில் புதிய கிணறுகள் இறங்கின. 1920-களின் இறுதியில் ஆண்டுதோறும் சுமார் 1,30,000 ஏக்கர்-அடி நீர் இறைக்கப்பட்டது. ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீரின் அளவு. அக்கணக்கில் இது ஏறத்தாழ 5.7 டிஎம்சி.

பொங்கிய கிணறுகள் முதலில் ஓய்ந்தன. பின்னர் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. அதனுடன் கண்ணுக்குப் புலப்படாத மற்றொன்றும் நிகழ்ந்துகொண்டிருந்தது. நீர்த்தாங்கியின் மணல் அடுக்குகளுக்கு இடையே கிடக்கும் களிமண் படுகைகளின் நுண்துளைகளிலுள்ள நீரும், மேலுள்ள மண்ணின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தது. இறைப்பதால் அழுத்தம் குறைந்தபோது அந்நீர் மெல்ல வெளியேற, களிமண் துகள்கள் நெருங்கி அமுங்கின. மணல் அடுக்கில் நீர் திரும்பி வந்தால் அது ஏறத்தாழப் பழைய நிலையை அடையும், களிமண் அடையாது. அமுங்கிய தடிமன் நிலையான இழப்பு. மேலுள்ள தரையும் அதே அளவுக்குத் தாழும். இதுவே நிலத்தாழ்வு எனப்படுகிறது.

பல மைல் பரப்பு ஒருசேர அமுங்கியதால், தோட்டத்தில் நின்றவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. 1912-இல் நிறுவப்பட்ட அளவுக்குறிகளை 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடலோர நில அளவைத் துறையினர் மீண்டும் அளந்தபோது, சான் ஹோசே ஏறத்தாழ 4 அடி தாழ்ந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புவியியலாளர் சைரஸ் டோல்மன், நிலத்தாழ்வுக்கும் நீர் இறைப்புக்கும் உள்ள தொடர்பை 1940-இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டினார். தரைக்கு அடியில் இதற்கான சான்றுகள் ஏற்கெனவே கிடைத்துவந்தன: ஆழ்கிணறுகளின் இரும்பு உறைக்குழாய்கள், சுற்றியிருந்த மண் அமுங்கியபோது நசுங்கி மடிந்து, நூற்றுக்கணக்கில் பயனற்றுப் போயின. விரிகுடாவின் கரையில் சரக்குப் படகுகள் வந்துபோன அல்விசோ என்னும் சிற்றூர் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கி, கரைகளின் காவலில் வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

ஆபத்து இந்த அளவில் புலப்படுவதற்கு முன்பே, நீர்மட்டம் இறங்குவதைக் கண்ட விவசாயிகள் ஒன்றுகூடத் தொடங்கியிருந்தனர். அவர்கள் அமைத்த குழுவின் வேண்டுகோளின்பேரில் பொறியாளர்கள் ஃப்ரெட் டிபெட்ஸும் ஸ்டீபன் கீஃபரும் 1921-இல் ஒரு திட்ட அறிக்கையை அளித்தனர். குளிர்கால வெள்ளம் சில நாட்களில் ஓடி விரிகுடாவில் கலந்துவிடுகிறது. ஓடைப் படுகையின் சரளையோ ஒரு நாளில் குறிப்பிட்ட அளவு நீரை மட்டுமே உறிஞ்ச வல்லது. ஆகவே மலையடியில் அணைகள் கட்டி வெள்ளத்தைப் பிடித்து, கோடை முழுவதும் சிறுகச் சிறுகத் திறந்துவிட்டால் அந்நீர் படுகை வழியாக நிலத்தடியில் இறங்கும் என்பதே அதன் சாரம். அணைநீரை வாய்க்கால் வழியாக வயலுக்கு அனுப்புவது வழக்கமான முறையாக இருக்க, இங்கே நிலத்தடியே வாய்க்காலாகவும் நீர்த்தேக்கமாகவும் கருதப்பட்டது. கால்வாய் வெட்டவோ பராமரிக்கவோ தேவையில்லை. அவரவர் கிணற்றில் அவரவர் நீர் எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியல் எளிதாக இருந்தது. அரசியல் அவ்வாறு இருக்கவில்லை. வரி செலுத்த வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில் வாக்காளர்கள் 1921-இல் இத்திட்டத்தை நிராகரித்தனர். நல்ல மழை பெய்த ஆண்டில் கவலை மறந்துபோவதும், வறட்சியில் மீண்டும் எழுவதுமாக ஆண்டுகள் கழிந்து, 1929 நவம்பரில்தான் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் என்னும் அமைப்பு வாக்கெடுப்பின் மூலம் தோன்றியது. இங்கு மாவட்டம் என்பது வருவாய் மாவட்டத்தைக் குறிப்பதன்று. குறிப்பிட்ட ஒரு பணிக்காக, அப்பகுதி மக்களே உறுப்பினரைத் தேர்ந்து, வரி விதிக்கும் அதிகாரத்துடன் அமைத்துக்கொள்ளும் தனி ஆட்சியமைப்பு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தை நினைவில் கொண்டால், இதன் இயல்பைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். நிறுவனர்களுள் ஒருவரான லெராய் ஆண்டர்சன் அதன் முதல் தலைவரானார்.

பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே, 1934-இல் 20 இலட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். அடமானமாக நின்றது அவர்களுடைய நிலமே. அல்மடேன், கலேரோ, குவாடலூப்பே, வசோனா, ஸ்டீவன்ஸ் ஓடை ஆகிய அணைகள் 1935-இலும், கயோட்டி அணை 1936-இலும் நிறைவுற்றன. ஓடைகளுக்குள் சாக்கு மூட்டைகளாலும் சரளையாலும் தாழ்வான தடுப்புகள் எழுப்பி நீரின் ஓட்டம் தாமதப்படுத்தப்பட்டது. படுகைக்கு வெளியே கசிவுநீர்க் குட்டைகள் வெட்டப்பட்டன. குட்டையின் அடியில் படியும் மென்மையான வண்டல் நீர் இறங்கும் வழியை அடைத்துவிடும் என்பதால், குட்டைகளை அவ்வப்போது வற்றவிட்டு அந்த மேற்படிவைச் சுரண்டி எடுப்பது இப்பணியின் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஏரியில் தூர்வாரும் வேலைக்கு நிகரானது இது. நல்ல மழையும் துணைநிற்க நீர்மட்டம் உயர்ந்தது. 1938 முதல் 1947 வரை நிலத்தாழ்வு நின்றிருந்தது.

போருக்குப் பின் அந்த வெற்றி கரைந்தது. 1940-இல் சுமார் 1,75,000 ஆக இருந்த சாண்டா கிளாரா வட்டாரத்தின் மக்கள்தொகை 1970-இல் 10 இலட்சத்தைக் கடந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, தோட்டத்துக்கு நீர் இறைத்த அதே நீர்த்தாங்கியிலிருந்து நகரங்களும் ஆலைகளும் இறைத்தன. 1950-இல் ஆண்டர்சன் அணையும் 1952-இல் லெக்ஸிங்டன் அணையும் எழுந்தும் உள்ளூர் மழை போதவில்லை. 1910-களில் தரையை ஒட்டி நின்ற நீர்மட்டம் 1960-களின் நடுவில் 200 அடிக்கும் கீழே சென்றது. 1912-க்கும் 1969-க்கும் இடையே சான் ஹோசே நகரின் நடுப்பகுதி 12.7 அடி தாழ்ந்தது; விரிகுடாவை ஒட்டிய 17 சதுர மைல் உலர்நிலம் உயர் ஓதத்தின் மட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. 1983-இல் அல்விசோவைச் சூழ்ந்த பெருவெள்ளத்துக்கு இத்தாழ்வும் ஒரு காரணம்.

இரண்டாம் முறை நிலத்தாழ்வை நிறுத்தியவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, வெளிநீர்: சியரா நெவாடா மலையில் பிறக்கும் ஹெட்ச் ஹெட்ச்சி நீர் 1950-களில் வடபகுதி நகரங்களை எட்டியது, 1965-இல் சாக்ரமெண்டோ, சான் வாக்கின் ஆறுகளின் கழிமுகத்திலிருந்து தென் விரிகுடாக் கால்வாய் வழியே மாநில அரசின் நீர் வந்தது, 1987-இல் மத்திய அரசின் கால்வாயும் இணைந்தது. வந்த நீரில் ஒரு பகுதி சுத்திகரித்துக் குழாயில் விடப்பட, மறுபகுதி கசிவுநீர்க் குட்டைகளில் இறக்கப்பட்டது. மற்றொன்று, 1960-களில் நடைமுறைக்கு வந்த இறைப்புக் கட்டணம்: கிணறு சொந்த நிலத்தில் இருந்தாலும் இறைக்கும் நீருக்குக் கணக்குக் காட்டி, அளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். விவசாயத்துக்கான கட்டணம் பிற பயன்பாட்டுக்கான கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வரம்பிட்டது. நிலத்தடி நீர் மலிவாக இருக்கும்வரை எவரும் வெளிநீரை வாங்கமாட்டார்கள் என்ற எளிய உண்மையை உணர்ந்த ஏற்பாடு அது. 1969 அளவில் நிலத்தாழ்வு நடைமுறையில் நின்றுபோயிற்று. நீர்மட்டமும் பின்னர்ப் பெருமளவு மீண்டது.

இத்தகைய கட்டுப்பாட்டுக்கு இடமளித்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1903-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் காட்ஸ் எதிர் வாக்கின்ஷா வழக்கில், ஒரே நீர்த்தாங்கியின் மேல் நிலம் வைத்திருப்போர் அனைவரும் அதை நியாயமான அளவில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம், ஒரு ரயில்வே நிறுவனத்தின் கிணற்றால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிய வழக்கில், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எவரும் வேண்டிய மட்டும் இறைக்கலாம் என்று தீர்ப்புக் கூறியது. அதன் விளைவை ஹியூஸ்டன் வட்டாரம் அனுபவித்தது: நிலம் தாழ்ந்து வெள்ளம் புகுந்தபின் 1975-இல்தான் ஹாரிஸ்-கால்வெஸ்டன் நிலத்தாழ்வு மாவட்டம் உருவாயிற்று, பேடவுன் நகரின் பிரவுன்வுட் குடியிருப்பு, தாழ்ந்து தாழ்ந்து, 1983-இன் அலீசியா புயலுக்குப் பின் கைவிடப்பட்டு, இன்று இயற்கைப் பூங்காவாகக் கிடக்கிறது. ஆனால் சட்டம் மட்டும் எதையும் காப்பதில்லை. கலிஃபோர்னியாவிலேயே சான் வாக்கின் பள்ளத்தாக்கில், மென்டோட்டாவுக்கு அருகே 1925 முதல் 1977 வரை தரை ஏறத்தாழ 30 அடி தாழ்ந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜோசப் போலண்ட், ஒரு கம்பத்தின் மேல் அந்தந்த ஆண்டின் தரைமட்டத்தைக் குறிக்கும் பலகைகளைப் பொருத்தி, தாம் அதன் அடியில் நின்று எடுத்துக்கொண்ட படம் உலகப் புகழ் பெற்றது. அப்பள்ளத்தாக்குக்கும் 1903-இன் தீர்ப்பு பொருந்தும். ஆனால் அதைச் செயற்படுத்தத்தக்க உள்ளூர் அமைப்பு அன்று அங்கு இருக்கவில்லை. நிலத்தடி நீரை மாநிலம் முழுவதும் ஒழுங்குபடுத்தும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2014-இல்தான் நிறைவேறியது.

விவசாயிகள் தம் நிலத்தை அடமானமாக்கிக் காத்த நீர், விவசாயத்தைக் காக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் முரண். நீர் உறுதியானதும் மனை விலை ஏறியது. மனை விலை ஏறியதும் பிளம் மரங்கள் சாய்ந்தன. சன்னிவேலிலும் சாராடோகாவிலும் பாரம்பரியச் சின்னமாக நகராட்சிகள் பேணும் சிறு தோட்டங்களும், தெற்கே கில்ராய் பக்கத்து வயல்களும் எஞ்சியுள்ளன. தோட்டங்களின் இடத்தில் வந்த தொழிலும் நிலத்தடி நீரைத் தொட்டது: 1981-இல் தெற்குச் சான் ஹோசேயில் ஃபேர்சைல்டு குறைக்கடத்தி ஆலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கரைப்பான் வேதிப்பொருள் கசிந்து குடிநீர்க் கிணற்றை எட்டியது தெரியவந்தது. அதன்பின் இவ்வட்டாரம், மத்திய அரசின் நச்சு மாசு நீக்கப் பட்டியலில் மிகுதியான இடங்களைக் கொண்ட வட்டாரமாயிற்று. நீரின் அளவைக் காத்த அமைப்பு, அதன் தூய்மையையும் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

பருவநிலை மாற்றம் இப்போது அந்த ஏற்பாட்டைச் சோதிக்கிறது. வட்டாரத்தின் நீரில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வருகிறது. அதன் மூலமான சியரா பனி குறைந்தும் முன்கூட்டியே உருகியும் வருகிறது. 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் நிலத்தடியில் இறக்குவதற்கான வெளிநீர் குறைந்தபோது, மக்கள் தம் பயன்பாட்டைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டதால் பழைய நிலத்தாழ்வு திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் சான் வாக்கின் பள்ளத்தாக்கு மீண்டும் தாழ்ந்தது. வறட்சி முடிந்த கையோடு 2017 பிப்ரவரியில் ஆண்டர்சன் அணை நிரம்பி வழிந்து, கயோட்டி ஓடை வெள்ளத்தால் சான் ஹோசேயில் சுமார் 14,000 பேர் வெளியேற்றப்பட்டனர். செம்பரம்பாக்கம் ஏரியைவிடச் சற்றே அதிகக் கொள்ளளவுடைய அந்த அணை, நிலநடுக்க ஆபத்தின் காரணமாக மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவின்படி 2020-இல் வடிக்கப்பட்டு, மறுகட்டுமானத்துக்கு உள்ளானது. மழை பொய்ப்பதும் கொட்டித் தீர்ப்பதும் மாறி மாறி வரும் காலத்தில், ஆவியாகாமலும் உடைப்பெடுக்காமலும் நீரை வைத்திருக்கும் இடம் நிலத்தடிதான். கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்தும் நிலையம் ஒன்று 2014-இல் சான் ஹோசேயில் திறக்கப்பட்டதும், வானத்தையும் தொலைதூரப் பனியையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற கணக்கில்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பொறியியல் பாடம் அதிகம் இல்லை. ஏரி நிறைந்தால் அதன் கீழ்க் கிணறுகள் ஊறும் என்பதை இங்குள்ள உழவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் அரசுத் திட்டங்களில் உள்ளன. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு நாடறிந்தது. இல்லாதது இறைப்புக்கான கணக்கும் அதற்குப் பொறுப்பேற்கும் அமைப்பும். அதே 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் தொடர்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டுகின்றன. சிறு உழவரின் மேல் கட்டணம் சுமத்துவது இங்கு நியாயமாகாது என்று சொல்வோருக்கு, விவசாயத்துக்குச் சலுகை வரம்பை வைத்துவிட்டுத் தொழிற்சாலையிடமும் நகரத்திடமும் முழுக் கட்டணம் பெற்ற சாண்டா கிளாராவின் முறையே விடை. அந்த முறையும் அமைப்பும் இரண்டாண்டு வறட்சியில் பிறந்தவை அல்ல. முதல் வாக்கெடுப்புக்கும் நிலத்தாழ்வு நின்றதற்கும் இடையே 48 ஆண்டுகள் சென்றன, அந்த 48 ஆண்டுகளில் அமுங்கிய களிமண் எந்த மழையாலும் மீளவில்லை. இழப்பு அளக்கப்படும் நிலைக்கு வருமுன் அளக்கும் அமைப்பை உண்டாக்கிக்கொள்வதே, நீர் குன்றிய எந்த ஊருக்கும் செலவு குறைந்த வழி.